சீசர் வாயைத் திறக்க

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். அப்பாவின் ஈறு வீக்கம் வடிந்ததா? குற்றாலத்தில் சாரல் விழுகிறதா?

இங்கே தோகாவில் முதலாளி வீட்டு நாய் சீசருக்கு ஈறில் ரத்தம். தினமும் பல் தேய்க்காவிட்டால் பல்லெல்லாம் கொட்டிவிடும் என்றார் டாக்டர். வேலை என் தலையில் விழுந்தது. கோழிக்கறி வாசனைப் பேஸ்ட்டைக் காட்டியும், அரபியில் கெஞ்சியும் அது வாயைத் திறக்கவில்லை. கடைசியில் உங்களைப் போலவே, "ஏலே, வாயத் தொறக்கியா இல்ல, கரண்டியக் காய வைக்கட்டா?" என்று அதட்டினேன். உடனே ஈயென்று காட்டியது.

இப்போது அதற்கு என் குரல்மேல் இருந்த பயம் தெளிந்துவிட்டது. கடிதம் கொண்டுவரும் இத்ரீஸ் அண்ணன் போனில் நீங்களே அதட்டிப் பதிந்து அனுப்புங்கள். கொஞ்சம் நீளமாகவே திட்டுங்கள். சீசர் என்று மாற்ற வேண்டாம், பழக்கப்படி பிரின்ஸ் என்றே சொல்லுங்கள். நாய் ஒன்றும் நினைக்காது.

அவசரத்துடன்,
பிரின்ஸ்