தெருவுக்கே ஆன கருவாடு

அக்கா,

இன்று சாயங்காலம் கேஸ் அடுப்பின் தீயில் ஒரு வாளைக் கருவாட்டைக் காட்டினேன். வால் பக்கம் சுருண்டு முதல் புகை எழுந்ததுமே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள். கூடவே வாசல் மணியும் அடித்தது. வந்து நின்றவர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர்.

நல்ல மனுஷர்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. மேல இருக்கிறவங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க. இந்த வாசனை மாடி வரைக்கும் வருதாம். இந்த இடத்துக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா. வேற என்ன வேணாலும் சமைச்சுக்கங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் குறுக்கே வந்து, "சாரி சார், இனிமே வராம பாத்துக்குறேன்" என்றான். அவரை அனுப்பிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து ஜன்னலைச் சாத்தினான். "கருவாடு சாப்பிட வேணாம்னு சொல்லலம்மா. சாத்திக்கிட்டுச் சுடுங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. யாரிடம் போய்ச் சொல்வேன்? உங்களிடம்தான் சொல்ல முடியும். கருவாட்டு வாசனை அடுத்தவன் மூக்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு தெருவே பாடுபட்ட கதை, உங்களையும் என்னையும் விட்டால் யாருக்குத் தெரியும்?

உங்கள் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு நான் அந்தத் தெருவுக்கு வந்து வருஷம் திரும்பவில்லை. அப்போது ஆட்சி புதிதாக மாறியிருந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று மதகுச் சுவரில்கூட எழுதியிருந்தார்கள். நெல் விளைவது நம் ஊரில். அந்தப் படி அளக்கப்பட்டது பட்டணத்தில். நடுவதும் அறுப்பதும் நாம், நமக்குக் கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டால் மட்டும் மிராசுதாருக்கு வயிறு எரிந்தது. அறுவடைக்குப் போவதில்லை என்று தெரு கூடி முடிவு செய்தது. முடிவு செய்தது ஆண்கள். உலை வைக்க வேண்டியது நாம்.

நமக்கெல்லாம் ராத்திரிச் சோறுதான் சோறு. அன்றைய கூலி நெல்லைக் குத்தி, உலையில் போட்டு, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் காலைக்குப் பழையது. கூலி நின்றால் ராத்திரியும் இல்லை, காலையும் இல்லை. என் மருமகள் போனில் ஒரு பெண், குறைந்த செலவில் சுலபமான இரவுச் சமையல் என்று தினமும் பாடம் நடத்துகிறாள். "வீட்ல இருக்கிறத வச்சே செஞ்சிடலாம்" என்கிறாள். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு கை முந்திரியை அள்ளுகிறாள்! நம் வீட்டில் இருந்தது என்ன அக்கா? ஒரு பானை நொய். அதையும் சிரட்டையால் அளந்து போட்டீர்கள். ஆரைக்கீரை, குளத்துக் கொட்டிக்கிழங்கு, வாய்க்கால் நத்தை. வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று மிராசுதாரின் ஆட்கள் காவல் நின்றதால் வயல் நண்டுக்கும் வழியில்லை. நத்தையை வேகவைத்து, முள்ளால் குத்தி எடுத்து, உப்புப் போட்டு அலசி அலசி என் விரல் வெந்துபோனது. வறுத்த புளியங்கொட்டையை ஊறவைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து மெல்லச் சொன்னோம்.

ஆண்கள் பகலெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். உங்கள் வீட்டுக்காரர், என் மூத்தார்தான் அவர்களுக்குத் தலைவர். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "எல்லாரும் உறுதியா இருக்கணும்" என்று உங்களிடமே பிரசங்கத்தைத் தொடங்கினார். "உறுதியை உலையில போட்டா வேவுமா?" என்று கேட்டீர்கள்.

முதலில் கடைசி வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். அப்புறம் குளத்தோரத்து வீட்டுக்காரர். அவர்களைத் துரோகி என்று ஆண்கள் திட்டினார்கள். நீங்கள் திட்டவில்லை. இரண்டு வீட்டுக்கும் போய்ப் பெண்களிடம் பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள்.

"அந்தக் காரியக்காரன் பொழுது சாய்ற நேரம் மதகு மேல வந்து நிக்கிறானே, எதுக்குத் தெரியுமாடி? எந்தக் கூரையில பொகை வரலன்னு பாக்குறான். பொகை வராத வீட்டுக்குத்தான் மறுநாள் மரக்கால் அரிசியோட வேலைக்குக் கூப்பிட ஆள் வர்றான்."

அந்தக் காரியக்காரர் மிராசுதாரின் நிலம் முழுவதையும் கவனித்துக்கொண்டவர். நம் வீட்டுப் பசியையும் அவர்தான் கவனித்தார். எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் அது! பசித்த வீட்டைப் புகையை வைத்துக் கண்டுபிடித்து, பிள்ளை அழும் நேரம் பார்த்து அரிசியை நீட்டுவது. இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

"இன்னைலேருந்து ஒரு அடுப்பு அணையக் கூடாது" என்றீர்கள். "வெறும் தண்ணி கொதிச்சாலும் சரி." அதோடு விட்டிருந்தால் எனக்கு வருத்தமில்லை. உறியில் தொங்கிய என் ஓலைப்பெட்டியை அண்ணாந்து பார்த்தீர்கள்.

அது என் தாய்வீட்டுப் பெட்டி. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த என் அண்ணன், தங்கை வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று கொண்டுவந்து கொடுத்தது. தின்றது போக அதில் ஒரே ஒரு வாளைக் கருவாடு மீதி இருந்தது. நாக்கு அதற்காகவே தவித்துக் கிடந்த மாதம் அது. அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

"தர மாட்டேன்" என்றேன். "எங்கண்ணன் எனக்குக் கொண்டாந்தது."

"தின்னா ஒருத்தி வயித்துக்குத்தான்டி ஆவும். சுட்டா தெருவுக்கே ஆவும்."

"நல்லாருக்குங்க நியாயம்! நான் ஒருத்திதானா? என் வயித்துல ஒண்ணு இல்லையா?"

நீங்களே உறியிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டீர்கள். நான் அழுதேன். துக்கம் கொஞ்சம், ஆத்திரம்தான் நிறைய. அந்த ஆத்திரம் உங்கள் மேல் எனக்கு முழுசாக எப்போதும் ஆறவில்லை, அக்கா.

அன்று முதல் பொழுது சாயும்போது ஒரு கையில் கொட்டாங்கச்சி நிறைய தணல், முந்தானைக்குள் அந்தக் கருவாடு. அடுத்த வீட்டுக்கு நெருப்புக் கொடுக்கப் போவது வழக்கம்தானே, யார் சந்தேகப்படுவார்கள்? வீடு வீடாக நுழைவீர்கள். அடுப்பில் ஓர் ஓரத்தை மட்டும் கருகக் காட்டிவிட்டு எடுத்துவிடுவீர்கள். சற்று நேரத்தில் தெருவே கமகமக்கும். பானைக்குள் பார்த்தால் கீரைத் தண்ணீர்.

பிள்ளைகள்தான் பாவம். வாசனை வருகிறது, தட்டில் மீனைக் காணோம். "தொட்டுக்க என்ன?" என்று உங்கள் சின்னவன் கேட்டபோது, "வாசனையத் தொட்டுக்கிட்டுக் குடிடா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தியதை நான் பார்த்தேன்.

ஒருநாள் காரியக்காரருக்குப் பொறுக்கவில்லை. தெருமுனைவரை வந்துவிட்டார். உள்ளே நுழையவில்லை, அவர்கள் நுழைய மாட்டார்கள். அங்கேயே நின்று சத்தம் போட்டார்.

"என்னடி, வேலைக்கு வர மாட்டோம்னுட்டு வீட்டுக்கு வீடு கருவாடு தின்றீங்களா? எவன் குடுக்குறான்? ஊரே நாறுது!"

நீங்கள் தணலோடு வெளியே வந்தீர்கள். ஒரு அகப்பை நொய்யைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பகிர்ந்துவிட்டு வந்த முகமா அது! கல்யாண வீட்டுக்காரி மாதிரி நின்றீர்கள்.

"ஆமாங்க. எங்க வீட்டு வாசனை அப்படித்தான் வரும். தாங்கலன்னா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போங்க."

அவர் போய்விட்டார். இவர்களுக்கு எங்கிருந்தோ அரிசியும் மீனும் வருகிறது, இன்னும் எத்தனை நாளானாலும் தாங்குவார்கள் என்று மிராசுதாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சுற்றுப்பட்டு ஊர்களிலும் வேலை நின்றிருந்ததால் வெளியாள் கிடைக்கவில்லை. கதிர் முற்றி வயலிலேயே கொட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு வீடுகூடப் பிரிந்து போகவில்லை. அரைப்படி கூட்டித் தருகிறேன் என்று மிராசுதார் ஆள் அனுப்பினார்.

கூட்டிய கூலி வந்த அன்று சோறு பொங்கி எனக்குத்தான் முதலில் போட்டீர்கள். சோற்றின் மேல் எதையோ வைத்தீர்கள். விரல் நீளத்துக்குக் கரிக்கட்டை.

"இந்தா, உன் கருவாடு" என்றீர்கள்.

கோபம் தீராமலேதான் பிய்த்து வாயில் போட்டேன். கசந்தது. நடுவில் எங்கோ துளி உப்பு இருந்தது. அந்த உப்புக்கு ஒரு தட்டுச் சோறு இறங்கியது. நீங்கள் எதிரே உட்கார்ந்து, நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் போன அன்று பந்தலில் வேட்டிக் கரை பளபளக்க ஒருவர் பேசினார். கூலி உயர்வை வென்று தந்த மாவீரரின் துணைவியார் மறைந்தார் என்றார். அந்த மாவீரர், சாயங்காலமானால் "என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்! மாலையைப் பிடுங்கி, பேசியவர் முகத்தில் எறியலாமா என்றிருந்தது. உங்களைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒரு வரி இல்லை. எழுந்து நானாவது சொல்லியிருக்கலாம். பெண்கள் கூட்டத்தில் மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தவளிடம் யார் மைக்கைக் கொடுத்தார்கள்?

இன்று கொடுக்காமலேயே பேசிவிட்டேன். மகன் சாத்திய ஜன்னலைத் திறந்தேன். "அம்மா!" என்றான். உட்காரடா என்று உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தணல், கொட்டாங்கச்சி, மதகு மேல் நின்ற ஆள், ஒன்று விடாமல்.

"நீ வயித்துல இருந்தப்ப ஆசைப்பட்டதைத் திங்கக் குடுத்துவைக்கல எனக்கு. இந்த வாசனைதான் உனக்கு நான் போட்ட சோறு. அதை வெளியில போகாமப் பாத்துக்குறேன்னு எவன்கிட்டயோ சாரி சொல்றியாடா?"

இத்தனை வருஷமாக இதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. எழுந்து போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சோறு போட்டு, மேலே சுட்ட கருவாட்டை வைத்தேன். நடுத்துண்டு, கருகாதது.

அவன் முழுசாக மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். தின்னும்போதே ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா, உங்களிடம் காணி நிலம் கிடையாது, காதில் தோடு கிடையாது. எனக்கு நீங்கள் விட்டுப்போனது இந்தக் கோபம் மட்டும்தான். அது போதும். செயலாளர் நாளைக்கும் வருவார். கதவைத் திறக்க இனி மகனை விட மாட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஆமாங்க. எங்க வீட்டு வாசனை அப்படித்தான் வரும்."