உன் அப்பா தானாக வேலையை விடவில்லை

அன்பு மகள் ஷர்மைனுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அங்கே நீ சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேன், சாப்பிடுகிறோம் நடமாடுகிறோம் என்று மட்டும் அதை எடுத்துக்கொள். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். போனில் உன் அப்பா எங்கே என்னைப் பேச விடுகிறார், நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். பக்கத்து வீட்டு யோகேஸ்வரியின் மகள் உன் ஊருக்குப் படிக்க வருகிறாள் என்றதும், மெர்சிங் கருவாட்டோடு இதையும் சேர்த்து அவள் பையில் வைத்துவிட்டேன். கருவாட்டை உன்னோடு தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பெண்கள் வெளியே போன பிறகு பொரி, அப்புறம் போலீசைக் கூப்பிடப் போகிறார்கள். இருமல் விட்டதா? நைட் டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. உன் அப்பா தானாக வேலையை விடவில்லை ஷர்மைன். போதும்மா உழைச்சது, இனி உங்கம்மாவோட ஊர் சுத்தப் போறேன் என்று உன்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாரே, அத்தனையும் பொய். ரேடியோ நிலையத்தில் இன்ஜினியரிங் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கேஎல் தலைமையகத்திலிருந்து ஒரு பெண் திரையில் வந்து அறிவிப்பை வாசித்தாளாம். இனி எல்லாவற்றையும் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்களாம். மைக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேச்சை வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள்தான் வேண்டாமாம். நீ தோளில் ஏறி விளையாடுவாயே, கில்பர்ட் அங்கிள், அவருக்கும் வேலை போய்விட்டது. அன்றைக்கே பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், ஒரு டீகூடக் கொடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணைத் தேடிப்போய் நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது. உன் அப்பாவோ என்னிடம், விடு பியா, பாவம் அவ, எழுதிக் கொடுத்ததைத்தானே படிச்சா என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன்னிடம் சொன்னால் நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயம், அதைவிட வெட்கம். சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

உனக்குத் தெரியாததா, நம் வீட்டில் ரேடியோவை அணைக்கிற வழக்கமே கிடையாது. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, நாம் கோயிலுக்குப் பூசைக்குப் போனாலும் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், உன் அப்பாவின் கை கார்ச் சாவியைத் தேடும். உன் புதுநன்மை விருந்தில் கேக் வெட்டுகிற நேரத்தில் அப்படித்தானே ஓடினார். வேலை போன பிறகும் அதே காதோடுதான் இருந்தார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நல்ல இடி, மழை. நான் அன்னாசிப் பச்சடி கிண்டிக்கொண்டிருந்தேன், ரேடியோ பட்டென்று நின்றது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசலில் கார் போகிற சத்தம். கைலியோடு, காலில் செருப்புகூட இல்லாமல், கூப்பிடக் கூப்பிடப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மலைமேல் டிரான்ஸ்மிட்டருக்குக் காவல் இருக்கிற காளியப்பன் போன் செய்தான். அக்கா, அண்ணன் வந்து கேட்டைத் திறக்கச் சொல்றாரு, லிஸ்டுல அவரு பேரை எடுத்துட்டாங்கக்கா, திறந்தா என் வேலையும் போயிரும், மழையில நிக்கிறாரு, சீக்கிரம் வாங்கலா என்று கெஞ்சினான்.

யோகேஸ்வரிதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கதவைத் திறக்கவேண்டும் எந்த சுவிட்சைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே இருக்கிற காளியப்பனுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு வேலை இல்லை என்பதே அந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது, மகளே. வாங்க வீட்டுக்குப் போலாம் என்று நான் கையைப் பிடித்தேன். அப்போது, திறந்து கிடந்த அவருடைய காரில் ரேடியோ பாட ஆரம்பித்தது. கேஎல்லில் யாரோ ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பாட்டு முடியும்வரை அசையாமல் நின்று கேட்டார். நான் போகாமலே வந்துருச்சு பியா என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு ரேடியோவையும் அவர் கையாலேயே அணைத்துவிட்டார். அதிலிருந்து, தட்டில் போட்டால் சாப்பிடுகிறார், படு என்றால் படுக்கிறார். உப்புக் கொஞ்சம் கூடினால் குதிக்கிற மனுஷன், வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டும் பார்த்துவிட்டேன், பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார். சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிக்கிற வேலை இருக்கிறது, சேர்ந்து போவோம் என்று கில்பர்ட் அங்கிள் கூப்பிடுகிறார், அதற்கும் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே பதில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் நீ கூப்பிடுவதற்கு முன்னால் சட்டை மாற்றித் தலைசீவிக்கொள்கிறார். பத்து பாகாட் டவுனுக்குப் போய் மீன் சாப்பிட்டோம் என்று உன்னிடம் சொன்னாரே, நாங்கள் வீட்டு கேட்டைக்கூடத் தாண்டவில்லை. நீ போனை வைத்ததும் சுவரைப் பார்த்துப் படுப்பவர் மறுநாள்தான் எழுந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஷர்மைன். இந்த மனுஷன் இப்படியே என் கையை விட்டுப் போய்விடுவாரோ?

அழுதுகொண்டு டிக்கெட் போடாதே, பரீட்சையை முடி. நீ செய்யவேண்டியது வேறு. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு சேர்ந்து சிரிக்காதே. அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்கப்பா என்று நேராகச் சொல்லிவிடு. சத்தியம் பண்ணிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று என்மேல் பாய்வார், பாயட்டும். வேலை போனதிலிருந்து அவர் யார்மேலும் கோபப்படவில்லை, அனுப்பியவர்கள்மேலும் இல்லை, திறக்காத காளியப்பன்மேலும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து என்மேல் கத்தட்டும், யோகேஸ்வரி வீடுவரைக்கும் கேட்கட்டும். அதற்கப்புறம் உன்னிடம் அழுதார் என்றால், போனை மட்டும் வைத்துவிடாதே.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. ஞாயிறு மறக்காதே, போனை எடுத்த உடனே சொல்லிவிடு. அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் உனக்குச் சொல்ல மனசு வராது, எனக்கும் இத்தனை நாள் வரவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
பியாட்ரிஸ் ரோலண்ட்
பெக்கான் நானாஸ்