டாபேயின் அம்பு

அன்புள்ள டாபேக்கு,

ஊச்சே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கோபாபிஸ் பண்ணையில் மாடு மேய்க்கும் உன் நலம்தான் தெரியவில்லை. போன மழைக்கு முன் கிளம்பியவன், ஒரு வரி எழுதினாயா? நாளை சும்கூவே டவுனுக்கு லாரி போகிறது. இதை அதில் கொடுத்துவிடுவேன்.

நேற்று என் தம்பி சம்காவ் ஒரு சுருள்கொம்பு மான்மேல் அம்பு எய்தான். விஷத்துக்கு வண்டுப் புழு தோண்ட அவனுக்குச் சோம்பல். நீ என் கையில் கொடுத்துவிட்டுப் போன அம்பைக் கேட்டு வாங்கிப் போனான். விலாவில் பட்டதாம். விஷம் ஏறட்டும் என்று திரும்பி வந்தவன், இன்று விடிந்ததும் தடம் பார்த்துப் போயிருக்கிறான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ அந்தப் புழுக்களைப் பிழிந்து முனைக்குக் கீழே தடவி எத்தனை காலம் ஆகிறது! இன்னும் வேலை செய்யுமா? என் அக்கா குஷே வாய் சும்மா இருக்குமா? "போனவன மாதிரியே அவன் விஷமும் காஞ்சு போயிருக்கும்டி" என்கிறாள். பண்ணையில் உனக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்ற பேச்சும் அவள் கொண்டுவந்ததுதான். அதையே நினைத்து அடுப்பில் கஞ்சியைத் தீய விட்டுவிட்டேன்.

மான் விழுந்தால் வேறு தொல்லை. அம்புக்காரர்தானே கறியைப் பங்கிட வேண்டும்? அம்பு யாருடையது என்று காலையிலிருந்து துளைக்கிறார்கள். திரும்பி வருகிறவன் பத்திரமாக வைத்திரு என்பான். வராதவன்தான் நீயே வைத்துக்கொள் என்று கொடுப்பான். நீ வாயே திறக்காமல் திணித்துவிட்டுப் போனாய். என்னுடையது என்றா, உன்னுடையது என்றா, நான் என்னவென்று சொல்ல?

எழுதிக்கொண்டிருக்கும்போதே சம்காவ் வந்துவிட்டான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வெறும் எலும்புதான், நாய்கூட மோந்து பாக்காது" என்றான். நம் ஆட்களில் எவன் தன் வேட்டையைத் தானே புகழ்வான்? அப்படியானால் நல்ல கொழுத்த மான். உன் விஷம் சாகவில்லை, டாபே. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் கத்தியோடு கிளம்பி நிற்கிறார்கள். குஷே எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "சொல்லுடி, அம்பு யாருது?"

"என் புருஷனோடது. அவன் வர்ற வரைக்கும் அவனுக்காக நான் பங்கு வைக்கிறேன்."

சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

உன் பங்கைக் கீறி மரத்தில் காயப்போடுவேன். பங்கு சரியில்லை என்று ஊரே என்னைத் திட்டும். நீயும் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. வரும் வழியில் உன் காலில் ஒரு முள்ளும் தைக்காமல் இருக்கட்டும்.

உன் மனைவி,
ஊச்சே