ஓநாய் குட்டி போட்ட இடம்

அன்புள்ள கணவருக்கு,

கீதாஞ்சலி எழுதுவது. நீங்கள் நலமா? நம் மகள் கவியாவுக்கு இருமல் நின்றதா?

இந்தக் கர்நாடகப் புல்வெளியில் ஓநாய்க் காவல் வேலை எனக்குப் பழகிவிட்டது. ஒன்றுதான் உறுத்துகிறது. நேற்று போனில், "ஓநாய் குட்டி போட்ட எடம் எங்க இருக்குது?" என்று கேட்டீர்கள். நான் சாப்பிட்டேனா என்றுகூட இதுவரை கேட்காதவர். பின்னால் யாரோ இங்கிலீஷில் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ரமணாசிரமம் பக்கம் உங்கள் ஆட்டோவில் ஏறியதாகச் சொன்னீர்களே, அந்தக் கேமராக்காரரா?

புலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு ஓநாய்க்கும் உண்டு. ஆனால் ஆள் வாடை பட்டால் தாய் இடம் மாறிவிடும். அந்த அலைச்சலில் குட்டிகள் பிழைக்காது.

எள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது. தனியாகச் சோறு இறங்கவில்லை.

ரோந்து ஜீப் வந்துவிட்டது. அந்தக் கேமராக்காரரை விட்டுவிட்டு, பொடியோடும் கவியாவோடும் நீங்கள் பஸ் ஏறுங்கள். அந்த இடத்தைக் காட்ட மாட்டேன். என்னைப் பார்க்கலாம்.

கீதாஞ்சலி