திங்கள், புதன், வெள்ளி

இன்று காலை கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, “மேடம், இந்த ஐடி ரொம்ப நாளா சும்மா கெடக்குது, எடுத்துடலாமா?” என்று கேட்டார். திரையில் உன் பெயர் இருந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம், ஆள் இணைப்பில் இல்லை என்பதற்கு. நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, நாம் இருவரும் ஆபீஸ் சாட்டில் எழுதிக்கொண்டதை எல்லாம் படித்தேன். ‘டீ வந்துடுச்சி, வா.’ ‘ட்ரெய்ன் லேட்டு, மீட்டிங்க ஆரம்பிச்சிடு.’ இவ்வளவுதான். முக்கியமான எதையும் நாம் எழுதிக்கொள்ளவே இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

கடலூர் ஆபீசில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்து அனுப்பும் வேலை. பிறகு நீ வடிவமைப்புப் பிரிவுக்குப் பொறுப்பேற்றாய், நான் பணியாளர் நிர்வாகத்துக்கு வந்தேன். ஊரடங்கில் எல்லோரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஊரடங்கு முடிந்து வெகுநாள் ஆகியும் பாதிப் பேர் திரும்பவில்லை. எம்.டி. நம்மைக் கூப்பிட்டு, “யாரு எங்கேருந்து வேலை பாக்கறதுன்னு ஒரு திட்டம் எழுதிக் குடுங்க” என்றார்.

கேள்வித்தாள் ஒன்று தயாரித்து எல்லோருக்கும் அனுப்பலாம் என்றேன். நீ சிரித்தாய். “ஃபாரத்துல எல்லாரும் நல்லாருக்குன்னுதான் எழுதுவாங்க. போய்ப் பாக்கலாம் வா.” சனிக்கிழமைகளில் பணியாளர்களின் வீடு வீடாகப் போனோம். திருவந்திபுரத்தில் கலைவாணி வீட்டில் ஒரே அறை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்திருந்தாள். நாம் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் மாமியார் நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். வாசல்வரை வந்து, “ஆபீஸ் தொறந்துடுங்கக்கா. நான் ஆபீஸ் வந்தாதான் வேலை செய்யறன்னு வூட்ல நம்புவாங்க” என்றாள்.

திட்டக்குடியில் முருகவேல் வீட்டில் அதற்கு நேர் எதிர். முன்பு கடலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர் ஊரடங்கில் ஊருக்குப் போனார். போனதும் அவர் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் முருகவேலின் மேஜை. நம்மிடம் பேசிக்கொண்டே எழுந்துபோய் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினார்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி நாள் குறிக்க வேண்டாம் என்பது உன் கட்சி. அந்தந்த டீமே பேசி முடிவு செய்யட்டும், ஆபீஸ் வேண்டும் என்பவர்களுக்கு இடம் தயாராக இருக்கட்டும் என்றாய். ஆளுக்கு ஒரு விதி என்றால் சண்டை வரும், அது என்னிடம்தான் வரும் என்றேன் நான். முடிவாகாமல் நின்றது. வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்று நீ இரண்டு நாள் லீவு போட்டாய். அந்த இரண்டு நாளில் எம்.டி. அவசரப்படுத்தினார். நான் தனியாக உட்கார்ந்து எழுதினேன். திங்கள், புதன், வெள்ளி எல்லோரும் வர வேண்டும். வர முடியாதவர்கள் காரணமும் அத்தாட்சியும் இணைத்து நிர்வாகப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாகப் பிரிவு என்றால் நான்.

திரும்பி வந்ததும் நின்றபடியே படித்தாய். “நாம போன வூடு ஒண்ணுகூட இதுல இல்லியே” என்று மட்டும் சொல்லிவிட்டு உன் இடத்துக்குப் போனாய்.

முருகவேல் விண்ணப்பித்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார்களே என்று நான் மறுத்துவிட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று பயம். இரண்டாவது மாதம் அவர் வேலையை விட்டார். அவர் ராஜினாமா கடிதத்தை நீதான் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாய்.

வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்தில் இருந்த உன் வீட்டிலிருந்து நீ வந்தாய். ட்ரெயின் கிடைக்காத நாளில் பஸ். உன் கால்கள் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். ஷூவை விட்டுவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறியிருந்தாய். கேட்டதற்கு, “பஸ்ல கூட்டம் ஜாஸ்தி, நின்னுகிட்டே வந்தன்” என்றாய். நான் நம்பினேன். நம்பிவிடுவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை நீ வரவில்லை. உன் வீட்டுக்காரர்தான் போன் செய்தார். ஒரு வருடமாகவே உனக்கு சிறுநீரகம் பழுதுபட்டுக்கொண்டிருந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும். அந்த இரண்டு நாள் லீவும் அதற்குத்தான். அலையக் கூடாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார்.

அண்ணாமலை நகரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருந்தால் போதுமே, ஏன் சொல்லவில்லை என்றேன்.

“குடுத்திருந்தா நீ ஒடனே சரின்னு கையெழுத்து போட்டிருப்ப.”

“போட்டிருப்பேன்தான்.”

“முருகவேலுக்குப் போடலியே” என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “எனக்குன்னு கேட்டா, மொதல்ல திட்டத்தப் பத்தி பேசினதெல்லாம் எனக்காகப் பேசினதா ஆயிடும்பா. அதான்” என்றாய். குரலில் குற்றச்சாட்டு இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாய். பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய்.

பயணம்தான் உன்னைக் கொண்டுபோனதா என்று உன் டாக்டரிடமே கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, வியாதி முற்றியிருந்தது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு தனியாகத் திட்டக்குடிக்குப் போனேன். முருகவேலிடம் மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வாருங்கள், வீட்டிலிருந்தே பாருங்கள் என்றேன். நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். மேஜை அங்கேயே இருந்தது. கட்டில் இல்லை. “அப்பா தவறிட்டாங்க மேடம். இப்ப நான் எந்த நாள் வேணும்னாலும் ஆபீஸ் வரலாம்” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். அடுத்த மாதம் வேலைக்கு வந்தும் சேர்ந்தார்.

அதன் பிறகு நீ சொன்னபடியே திட்டத்தைத் திருத்தி எழுதினேன். சண்டை வந்தால் யார் பார்ப்பது என்று எம்.டி. கேட்டார். நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். வந்தது, பேசினேன். இரண்டு டீம்கள் இன்னமும் முறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வேலை நடக்கிறது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, “மேடம், கொஞ்ச நாளைக்கு வூட்லேருந்து பாக்கட்டுமா?” என்றாள். ஏன் என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. அவள் பையிலிருந்து ஏதோ காகிதத்தை எடுக்கப் போனாள். “வேணாம்மா, உள்ள வை. வீட்லேருந்தே பாரு” என்றேன். அவள் நம்பாமல் சிறிது நேரம் நின்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.