டேங்க் வீரர்களும் ஃபெபாவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் உடனே வார்டனுக்குப் போன் போட்டுவிடுவார்.

உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ராகிக் காட்டுக்கு யானை வந்தால் தனியாக விரட்டப் போகாதீர்கள்.

நீங்கள் வாங்கித் தந்த மாடல் டேங்க்கின் வீரர்கள் நாலு பேரையும் ஒட்டிவிட்டேன். விரல் உயரம்தான். பல்குத்தும் குச்சியைப் பெயிண்டில் தொட்டுக் கண் வரைகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை ஓசூர் கண்காட்சியில் வைக்க வேண்டும்.

ஹாஸ்டலில் பெயிண்ட் வைத்திருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நேற்று பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனைக்கு வார்டன் வந்துவிட்டார். பக்கத்துக் கட்டில் ஃபெபா, "நெயில் பாலிஷ் மேடம், என்னுதுதான்" என்றாள். இந்த மாதம் அவள் வீட்டுக்குப் போகக் கூடாதாம். "உன் மிலிட்டரிக்காரனுங்களுக்காக நான் ஜெயில்ல இருக்கேன்டி சுவேதா" என்று சிரித்தாள். இப்போது போர்வைக்குள் அழுதுவிட்டுத் தூங்குகிறாள்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் நானே போய் உண்மையைச் சொல்லப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது நைஸ் பிரஷ் ஒன்றும் கடலை உருண்டையும் கொண்டுவாருங்கள். சும்மா வந்தாலும் போதும்.

கதவைத் தட்டுகிறார்கள். வார்டன் குரல்தான். டேங்க் கமாண்டர் பொம்மையின் மீசைக்கு இப்போதுதான் பெயிண்ட் வைத்தேன், ஒளித்தால் அழிந்துவிடும். ஃபெபாவை எழுப்ப மாட்டேன். நானே திறக்கிறேன்