வீரசோழனுக்கு நீங்கள் கொண்டுபோன பதில்

மதினி,

இன்று காலை மதுரையிலிருந்து வந்த பார்சலைப் பிரித்தேன். உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு. வெள்ளி நிறக் கவரைக் கிழித்ததும் புது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த அந்த வாசம் வந்தது. நீங்கள் எந்தக் கார்டையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பீர்கள். "புதுசா, பிரிச்சு மூடுனதான்னு வாசத்துலயே தெரிஞ்சிரும் தம்பி" என்பீர்கள். நானும் முகர்ந்தேன். புதுசுதான். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் மஸ்கட் போன பிறகு அருப்புக்கோட்டைக் கம்ப்யூட்டர் கடையை நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம். பேசி விற்பது என் வேலை. பிரிப்பது, பூட்டுவது, சோதிப்பது எல்லாம் உங்கள் வேலை. திருச்சுழிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கும் வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர் நீங்கள். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம்தான் பேச ஆரம்பிப்பார்கள். இரண்டாம் தடவை வரும்போது, "அக்கா இருக்காகளா?" என்று என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். முதலில் எனக்கு அது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு பெருமையாக இருந்தது.

உங்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது ஒரே ஒரு கார்டின் கதையைத்தான்.

வீரசோழனில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கும் பாய், வீடியோ வெட்டி ஒட்டும் வேலை வேகமாக நடக்க மூன்று கம்ப்யூட்டருக்குக் கார்டு கேட்டிருந்தார். அந்தச் சமயம் மதுரை டீலரின் விற்பனைப் பிரதிநிதி ஒரு புதுக் கார்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு முழங்கை நீளம். மூன்று விசிறி. உள்ளே செம்புக் குழாய்களும் அடுக்கடுக்காய் அலுமினியத் தகடுகளும். சிப்பு எல்லாக் கார்டிலும் இருப்பதுதான். ஆனால் இவர்கள் அதன் வேகத்தைத் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் கூட்டி, அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்க இந்தக் குளிர்விப்பைத் தாங்களே வடிவமைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பிடித்துப் போனது. பாய்க்கு அப்போதே போன் போட்டு, "சூப்பர் கார்டு வந்திருக்கு, ஒங்களுக்குத்தான்" என்றேன்.

நீங்கள் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, "பாய் வேல பாக்குற ரூமு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டீர்கள்.

"மாடியில. ஆஸ்பெஸ்டாஸ் கூரை."

"அப்ப இத ஏசி ரூமுல ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னா அது யாருக்கு?"

நம் கடை மாடியிலும் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. அங்கே நம் பழைய டெஸ்ட் மெஷினை ஏற்றி, முதலில் வேகம் கூட்டாத சாதாரணக் கார்டு ஒன்றைப் போட்டு, பாயின் கல்யாண வீடியோ ஒன்றையே ஓடவிட்டீர்கள். ஓடி முடித்தது. அதே மெஷினில் புதுக் கார்டைப் போட்டீர்கள். இருபது நிமிடத்தில் மெஷின் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டீர்கள். மறுபடி அணைந்தது. கீழே ஏசியில் எந்தச் சிக்கலும் இல்லை. மேலே ஏற்றினால் நின்றுவிடுகிறது. மூன்று நாள் பார்த்தீர்கள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, "நம்ம ஊரு வெயிலுக்கு இது தாங்காது தம்பி. பாய்ட்ட வேண்டாம்னு சொல்லிருங்க" என்றீர்கள்.

நான் சொன்னேன். பாய் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கல்யாண சீசன் நெருங்கிவிட்டதால் மறுநாளே மதுரைக்குப் போய் சாதாரணக் கார்டு மூன்று வாங்கிவிட்டார். பிரதிநிதியிடமும் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "கூலிங்கு சரியில்லன்னு எழுதிக்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லி, கார்டை அடுத்த தடவை வந்து எடுத்துக்கொள்வதாக விட்டுவிட்டுப் போனார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை பாதி ஷட்டர். நீங்கள் சோதனைக் குறிப்பு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தீர்கள். கூப்பிட்டீர்கள். போனேன்.

"இதப் பாருங்க. மெஷினு அணையிறதுக்கு முந்தி கார்டோட சூடு எவ்வளவுன்னு எழுதியிருக்கேன். கார்டு சூடாகவே இல்ல தம்பி. சாதாக் கார்டு இதவிட அதிகமா கொதிச்சிருக்கு."

"அதனால?"

"சூடாகாத கார்டு சூட்டுனால எப்பிடி நின்னுபோகும்? மூணு நாளும் இத எங் கையாலதான் எழுதியிருக்கேன். எழுதுனத நானே படிக்கல."

டெஸ்ட் மெஷினின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினீர்கள். மெஷினுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. திறந்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் இரண்டு, கெட்டுப்போனதற்கு அடையாளமாய்த் தலை உப்பியிருந்தன. வேகம் கூட்டிய கார்டு சில நொடிகள் திடீரென்று கூடுதலாக மின்சாரம் இழுக்கும். கொட்டகைச் சூட்டில் தளர்ந்துபோன அந்தப் பழைய பெட்டி அதைக் கொடுக்க முடியாமல் தானே அணைந்திருக்கிறது. கார்டு ஒரு தப்பும் செய்யவில்லை.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டி மறுபடி தகரக் கொட்டகைக்கு ஏற்றினீர்கள். இன்னும் மூன்று நாள். அந்த வெயிலில் அந்தக் கார்டு மணிக்கணக்காக ஓடியது. விசிறிச் சத்தம் பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்டது. தகடுகளுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். "எவனோ உக்காந்து யோசிச்சு செஞ்சிருக்கான் தம்பி. குழாய எங்க கொண்டாந்து எங்க வளைச்சிருக்கான் பாருங்க. வேகம் கூட்டுனதுல பெருசா ஒண்ணுமில்ல. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா இந்தக் கூலிங்கு உண்மையான வேல." தோற்றுப்போனவர் போல நீங்கள் பேசவே இல்லை. நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டவர் போல இருந்தது முகம்.

பிறகு செருப்பை மாட்டினீர்கள்.

"எங்க போறீக மதினி?"

"வீரசோழனுக்கு. பாய்ட்ட சொல்லணும்ல."

எனக்குக் கோபம் வந்தது. "அவுக கார்டு வாங்கி மாட்டி வேலையும் ஆரம்பிச்சிட்டாக. இப்பப் போயி நம்ம சொன்னது தப்புன்னு சொன்னா கடைப் பேரு என்னாகும்? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. உங்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கடையைப் பூட்டிவிட்டு நானும் பஸ்ஸில் ஏறினேன். திருச்சுழி தாண்டும்வரை உங்களோடு பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை என் பக்கம் நீட்டினீர்கள். வாங்கிக்கொண்டேன்.

பாய் மாடியில்தான் இருந்தார். மூன்று மெஷினும் கார்டு விசிறிகளின் வேகத்தில் மாவு மில் போல இரைந்துகொண்டிருந்தன. நீங்கள் உட்காரக்கூட இல்லை.

"பாய், அந்தக் கார்டு நல்ல கார்டு. நான் சொன்னதுதான் தப்பு. எங்க மெஷின்ல இருந்த கோளாற கார்டு மேல போட்டுட்டேன். நான் ஒழுங்காப் பாத்திருந்தா இந்தச் சத்தத்துல நீங்க ஒக்கார வேண்டியதில்ல."

பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இதச் சொல்லவா இந்த வெயில்ல பஸ்ஸு ஏறி வந்தீக தங்கச்சி? ஒரு போனப் போட்டுருக்கலாம்ல?"

"போன்ல சொன்னா நான் வச்சிட்டுப் போயிருவேன். நேர்ல வந்தா நீங்க கேள்வி கேக்கலாம்ல."

பாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கீழே குரல் கொடுத்து சர்பத் கொண்டுவரச் சொன்னார். நீங்கள் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தீர்கள். மூன்று மெஷினையும் திறந்து, தூசி தட்டி, காற்று உள்ளே வரும் பக்கத்தையும் வெளியேறும் பக்கத்தையும் சரிசெய்து, கார்டுகள் இழுக்கும் மின்சாரத்தைச் செட்டிங்கில் கொஞ்சம் குறைத்து விசிறி இரைச்சலை அடக்கினீர்கள். சாயங்காலம் நாம் இறங்கும்போது அந்த அறையில் பாயின் மகள் கீழே படிக்கும் சத்தம் கேட்டது. அதுவரை கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் பிரதிநிதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தீர்கள். "ஒங்க கார்டுல தப்பில்ல. எங்க மெஷின்லதான் தப்பு. நீங்க எழுதிக்கிட்டுப் போனத அழிச்சிருங்க. ஒங்க ஆபீஸ்ல யார்ட்டச் சொல்லணுமோ குடுங்க, நானே பேசுறேன்." அவர், "நான் நல்லா திட்டு வாங்கிட்டேன் மேடம். ஆனா இப்பிடித் திருப்பிக் கூப்புட்டுச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். அந்த வார்த்தையைச் சொல்ல நீங்கள் தயங்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

போன புரட்டாசியில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. அண்ணன் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. துக்கத்துக்கு வீரசோழனிலிருந்து பாய் குடும்பத்தோடு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புன்னு சொல்ல என் வீட்டுப் படியேறி வந்த மனுஷி" என்றார். உங்களைப் பற்றி அன்று நிறையப் பேர் நிறையச் சொன்னார்கள். எனக்கு அது ஒன்றுதான் நின்றது.

போன மாதம் பாளையம்பட்டியில் சேலை டிசைன் போடும் ஒரு பெண்ணிடம், "ஒங்க கார்டு போச்சும்மா, புதுசுதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே கோளாறு வேறொரு மெஷினில் வந்தபோதுதான் கேபிள் பழுது என்று புரிந்தது. அவர் இன்னும் புதுசு வாங்கவில்லை. போன் கையில்தான் இருந்தது. வைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் நின்று, "நான் சொன்னது தப்பும்மா, கேபிள்தான் போயிருக்கு" என்றேன். உள்ளேயிருந்து அவர் அப்பாவும் அம்மாவும் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். அந்தப் பெண் முகத்தில் முதலில் சந்தேகம். பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னேன், மதினி. காது மடல் சுட்டது. ஆனாலும் சொல்லி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.